ஆள்வாடையை மறைக்க முடியுமா? மானுக்காகக் காத்திருப்பவர்களுக்கு

14.06.2023, மாலை (வாசகர் கேள்வி)

ஐயா, நான் மதுரை பழங்காநத்தத்தில் இருக்கிறேன். கேமரா வாங்கி ஓராண்டு ஆகிறது. மலையடிவாரத்தில் எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் மான்கள் என்னைக் கண்டுகொண்டு ஓடிவிடுகின்றன. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் உடலில் வாடை வராமல் இருக்க ஒரு திரவத்தைத் தெளித்துக்கொள்வதைக் காணொளியில் பார்த்தேன். எனக்கு வேட்டை வேண்டாம், படம் மட்டுமே வேண்டும். அந்தத் திரவத்தை வரவழைத்தால் பயன் உண்டா? மாட்டுச் சாணத்தைப் பூசிக்கொண்டாலே போதும் என்று ஊரில் ஒருவர் சொன்னார். எது சரி?

14.06.2023, இரவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். வேட்டைக்காக இதைக் கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் கேட்கிறவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

நான் ஒன்பது ஆண்டுகளாகச் சாப்டூர்ப் பக்கம், சதுரகிரி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், பட்டா நிலத்தில் உள்ள ஒரு மாந்தோப்பில் உரிமையாளரின் அனுமதியோடு உட்கார்ந்து மான் பார்த்து வருகிறேன். வேலிக்கு மேற்கே காடு. அது 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் இருப்பதால் அதற்குள் நான் கால் வைப்பதில்லை. வேலியோரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அது நிரம்பி வழிகிற ஈரத்துக்குத்தான் புள்ளிமான்கள் வருகின்றன. தொட்டிக்குக் கிழக்கே அறுபது எட்டு (காலடி) தள்ளி இருக்கும் பழைய மோட்டார் அறைதான் நான் உட்காரும் இடம்.

திரவம் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஆப்ப சோடா போதும். புதிதாகச் சுரந்த வியர்வைக்கு வாடை மிகக் குறைவு. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள்தான் நாம் அக்குள் நாற்றம் என்று சொல்லும் வாடையின் பெரும்பகுதி. ஆப்ப சோடா அந்த அமிலங்களோடு சேர்ந்து அவற்றை உப்பாக்கிவிடுகிறது, உப்பு காற்றில் கலப்பதில்லை. நான் கடந்த மாதம் முதல் சோடா கலந்த நீரில் குளித்துவிட்டு, சோப்பு, பவுடர், தேங்காய் எண்ணெய், ஜவ்வாது எதுவும் இல்லாமல், வெறும் நீரில் அலசி வெயிலில் காய்ந்த சட்டையோடுதான் போகிறேன். பலன் தெரிகிறது என்றே நினைக்கிறேன்.

சாணம் பூசுவது வீண். ஒரு வாடையின் மேல் இன்னொரு வாடையை ஏற்றினால் முதல் வாடை அழிந்துவிடாது. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் பல ஆண்டு வியாபாரம் செய்த ஒருவரிடம் கதம்பத்தைக் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டே அதில் மரிக்கொழுந்து எவ்வளவு, மல்லி நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடுவார். மனித மூக்குக்கே இவ்வளவு முடியும் என்றால், மோப்பத்தை நம்பியே உயிர் வாழும் மானுக்குச் சாணத்துக்கு அடியில் இருக்கும் ஆளைப் பிரித்தறிவது கடினமே அல்ல.

16.06.2023

ஒருவர் வாஷிங் சோடாவைக் கரைத்துக் குளித்துக் கை எரிகிறது என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது வேறு பொருள், தோலைப் பொசுக்கிவிடும். நான் சொன்னது இட்லி, ஆப்ப மாவில் போடும் சோடா. ஒரு வாளி நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும்.

25.06.2023

கரித்தூள் அடைத்த உடையைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். செயலூட்டிய கரி வாடையை உறிஞ்சும் என்பது உண்மை, தண்ணீர் வடிகட்டியிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் உறிஞ்சி நிறைந்துவிட்ட கரியைப் புதுப்பிக்க நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும். வெயிலில் காயப் போடுவதாலோ வீட்டு உலர்த்தியில் சுற்றுவதாலோ அது முழுவதும் புதிதாகிவிடாது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், அத்தகைய உடை அணிந்து ஒளிந்திருந்தவர்களையும் சாதாரண உடையில் ஒளிந்திருந்தவர்களையும் தேடுவதற்கு மோப்ப நாய்களை விட்டார்கள். கரி உடை நாய்களை ஏமாற்றவில்லை.

நான் கவலைப்படுவது மூச்சைப் பற்றித்தான். உடலை எவ்வளவு கழுவினாலும் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரமும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறோம், அதில் குடித்த காபியும் தின்ற வெங்காயமும் இருக்கின்றன. தோல் செதிள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருப்பதால், பழைய தோல் செருப்போடு நடந்து போகும் வழி முழுவதும் நம் தடம் வாடையாகவே கிடக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்கள் முழங்கால் வரை ரப்பர் காலணி போடுகிறார்கள். நானும் அதைத்தான் போடுகிறேன், பாம்புக்காகவும் சேர்த்து.

23.07.2023

இந்த வாரம் நான்கு மாலை உட்கார்ந்தேன், மூன்று மாலை மான்கள் வந்தன. வெள்ளிக்கிழமை பதினொன்று. முதலில் ஒரு முதிர்ந்த பெண் மான் வேலி இடைவெளியில் தலையை நீட்டி, மூக்கைத் தூக்கி, ஈர மூக்கின் ஓரம் நடுங்க நடுங்கக் காற்றை உறிஞ்சியது. நாக்கு வெளியே வந்து மூக்கை ஒருமுறை நனைத்தது. பிறகு காதுகளை மட்டும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பியபடி, கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் அதே இடத்தில் நின்றது. அது தலையைத் தாழ்த்தித் தண்ணீரில் வாய் வைத்த பிறகுதான் மற்றவை வந்தன. தொட்டிக்கும் எனக்கும் அறுபது எட்டு. அதில் இரண்டு குட்டிகள் மோட்டார் அறைப் பக்கம் இருபத்தைந்து எட்டு வரை மேய்ந்து வந்துவிட்டுத் திரும்பின.

சோடாக் குளியல் வேலை செய்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

24.07.2023

நேற்று எழுதியதை நிறுத்திவைக்க வேண்டும். அந்தப் பக்கம் மலைமாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் இந்த வெற்றியைச் சொன்னேன். அவர் என் குளியல் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, நீ குளிச்சா என்ன, குளிக்காட்டி என்ன, ஆடி மாசம் மேகாத்து அடிக்கிது, மான் மேக்க நிக்கிது, நீ கெழக்க உக்காந்திருக்க. ஒன் வாட பேரையூருக்குல்ல போகுது" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனி, ஆடி முழுவதும் இங்கே தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி இறங்கி மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் வீசுகிறது. நான் குளித்த நாட்கள் எல்லாம் மேல்காற்று வீசிய நாட்கள். எது காரணம் என்று பிரிக்கவே முடியாதபடி இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

30.07.2023

பிரித்துப் பார்த்தேன். புதன்கிழமை காலையில் சந்தன சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வண்டியில் பெட்ரோல் வாடையோடு போய் அதே அறையில் உட்கார்ந்தேன். கூட வந்த நண்பரை எப்போதும்போல் பீடி பிடிக்கச் சொன்னேன். மேல்காற்று சீராக இருந்தது. ஏழு மான்கள் வந்தன. இருட்டும்வரை மேய்ந்தன. ஒன்றுகூட எங்கள் பக்கம் மூக்கைத் தூக்கவில்லை.

06.08.2023

காற்றின் போக்கை எப்படி அறிவது என்று கேட்டவர்களுக்கு. விபூதியைத் தூவிப் பார்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது கனம், நான்கு அடிக்குள் விழுந்துவிடும், அதற்குமேல் காற்று என்ன செய்கிறது என்று காட்டாது. போடியில் கிடைக்கும் இலவம்பஞ்சை விரலால் பிய்த்து விடலாம், நன்றாகவே மிதக்கும். ஆனால் எல்லாவற்றையும் விட நல்லது எருக்கம்பஞ்சு. தரிசு நிலத்தில் எருக்கங்காய் வெடித்துக் கிடக்கும், காசு கிடையாது. ஒரு காயை எடுத்து விதையோடு இருக்கும் பஞ்சை ஒவ்வொன்றாக விட்டால் அது ஐம்பது, அறுபது அடி கண்ணெதிரே போகும்.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் இதை மட்டுமே செய்தேன். அறை வாசலில் நின்று விட்ட முதல் பஞ்சு நேராகக் கிழக்கே போனது. எதிர்பார்த்ததுதான். அறையின் வடக்கு மூலையில் நின்று விட்ட பஞ்சு பத்தடி போய், அங்கிருக்கும் வேப்பமரத்தின் அடியில் தயங்கி, மெல்ல மேலே எழுந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே திரும்பியது. சுவரின் ஓரமாகவே ஊர்ந்து என் தோளைக் கடந்து தொட்டிப் பக்கம் போய் வேலிக் கற்றாழையில் ஒட்டிக்கொண்டது. நான் நம்பாமல் இன்னும் ஆறு பஞ்சுகளை அதே இடத்தில் விட்டேன், நான்கு அதே வழியில் போயின. சுவரும் மரமும் காற்றைத் தடுக்கும்போது அவற்றின் மறைவில் காற்று சுழன்று எதிர்த் திசையில் திரும்புகிறது. ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கன்னத்தில் படும் காற்று நாம் நிற்கும் அந்த ஓர் இடத்துக் காற்று மட்டுமே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வடக்கு மூலையில்தான் பாய் விரித்து உட்காருவேன். மேல்காற்று வீசியும் மான்கள் காலை உதைத்துக் கத்திவிட்டு ஓடியதற்கு அப்போது எனக்குக் காரணம் தெரியவில்லை.

நம் மொழியில் வாடை என்ற ஒரே சொல் மணத்துக்கும் வடகாற்றுக்கும் இருப்பதை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்தவர்கள் காற்றைப் பார்த்து வாழ்ந்தவர்கள்.

20.08.2023

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் தலைகீழான கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கிறார். மானை வரவைக்க நீங்கள் வாடையை மறைக்கிறீர்கள், என் நிலக்கடலைக்கு மான் வராமல் இருக்க வாடையைக் கூட்ட வேண்டும், சலூனில் முடி வாங்கி வரப்பில் போடலாமா என்கிறார்.

போடலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். என் மச்சான் மக்காச்சோளக் கொல்லையில் போன ஆண்டு இதைச் செய்தார். இரண்டு மூட்டை முடியை வரப்போரம் சுற்றிலும் தூவினார். ஏறக்குறைய இரண்டு வாரம் குளம்புத் தடம் இல்லை. பிறகு ஒரு மழை பெய்தது. முடியின் மேல் இருந்த எண்ணெயும் வியர்வையும் கழுவிப் போய்விட்டன. அடுத்த வாரம் மான்களும் பன்றிகளும் அந்த முடியை மிதித்துக்கொண்டே உள்ளே வந்தன. மழைக்குப் பின் புதுப்பிக்க வேண்டும், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இரவில் ஆள் நடமாட்டமும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆள் வராமல் ஆள்வாடை மட்டும் கிடந்தால் அதற்கு அர்த்தம் இல்லை என்று அவை சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன.

மின்வேலி போடலாமா என்று அவரே அடுத்துக் கேட்டிருக்கிறார். திருட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது மானையும் கொல்லும், விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து நிலத்துக்காரரையும் கொல்லும். தயவுசெய்து அந்தப் பேச்சே வேண்டாம்.

08.10.2023

பருவக்காற்று ஓய்ந்துவிட்டது. ஐந்து காலை உட்கார்ந்தேன், ஒரு மான்கூட வரவில்லை. அதே வாரம் மூன்று மாலை உட்கார்ந்தேன், மூன்று மாலையும் வந்தன. மான்கள் காலையில் வேறு இடத்தில் தண்ணீர் குடிக்கின்றன என்று நினைக்கிறேன்.

09.10.2023

இல்லை. இன்று காலை எருக்கம்பஞ்சு விட்டுப் பார்த்தேன். காற்றே இல்லாத நாளிலும் மலையடிவாரத்தில் காற்று சும்மா இருப்பதில்லை. இந்த மலை கிழக்கு நோக்கிய சரிவு; சூரியன் எழுந்ததும் முதல் வெயில் அதன்மேல்தான் விழுகிறது. பாறை சூடாகிக் காற்று சரிவில் மேலே ஏறுகிறது, தோப்பில் இருக்கும் காற்றும் அதன் பின்னால் மேற்கே இழுபடுகிறது. என் வாடை முழுவதும் காட்டுக்குள் போயிருக்கிறது. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைவதால், ஊரில் வெயில் இருக்கும்போதே சரிவு நிழலாகிக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் வடிவதுபோல ஓடை வழியாகக் கீழே இறங்கி என் முகத்தில் படுகிறது.

ஆகவே கேள்வி கேட்ட தம்பிக்கு: காற்று அடங்கிய நாட்களில் கிழக்குச் சரிவின் அடிவாரத்தில் காலை வேண்டாம், மாலை போங்கள். தேனிப் பக்கம் மேற்கு நோக்கிய சரிவில் உட்காருகிறவர்களுக்கு மாலை வெயில் சரிவின்மேல் நெடுநேரம் நிற்கும், இறங்குகாற்று இருட்டும் நேரத்துக்குத்தான் தொடங்கும்.

12.11.2023

வடகிழக்குக் காற்று வந்துவிட்டது. இப்போது மாலையிலும் என் முதுகிலிருந்து காட்டை நோக்கித்தான் வீசுகிறது. சோடாவில் குளித்தேன், புதுச் சட்டை, ரப்பர் காலணி, வாயில் முகக்கவசம், எல்லாம் செய்தேன். நான்கு மாலையும் வேலிக்கு அப்பாலேயே அந்தக் கூர்மையான எச்சரிக்கைக் குரல், தொடர்ந்து முன்னங்காலை மண்ணில் உதைக்கும் சத்தம், பிறகு சருகில் ஓட்டம். ஜூனில் நான் சொன்ன சோடாக் கதை தவறு. குறைந்தபட்சம், அறுபது எட்டுத் தூரத்தில் காற்று எதிராக இருக்கும்போது அது மானை ஏமாற்றுவதில்லை. அந்தக் குறிப்பைப் படித்துக் குளித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

19.11.2023

ஆனால் ஒன்று என்னை உறங்கவிடவில்லை.

தோப்புக் காவல்காரர் பதினோரு ஆண்டுகளாக அங்கேயே குடிசையில் இருக்கிறார். தினமும் இருட்டும் வேளையில் டார்ச்சோடு வேலியை ஒரு சுற்று வருவார், இருமுவார், வெற்றிலை போடுவார். இதே வடகிழக்குக் காற்றில், நான் ஊருக்குத் திரும்பிவிட்ட நாட்களில், அவர் சுற்றி முடித்த அரை மணிக்குள் மான்கள் வந்துவிடுகின்றன என்கிறார். நேற்று நான் தோப்பை விட்டு வெளியேறி, அரை கிலோமீட்டர் வடக்கே இருக்கும் கண்மாய்க் கரையில் ஏறித் தொலைநோக்கியில் பார்த்தேன். உண்மைதான். அவர் வாடை காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே ஒன்பது மான்கள் வெளியே வந்தன.

அப்படியானால் அவை ஆள்வாடைக்கு ஓடவில்லை. என் வாடைக்கு ஓடுகின்றன. மலைமாடு மேய்க்கும் பெரியவர் மாடுகளோடு போகும்போது மான்கள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேய்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதன் பொருளை யோசித்ததில்லை. தினம் ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரு கெடுதலும் செய்யாமல் வரும் வாடை ஒன்று. எப்போதோ வந்து, ஒளிந்து, அசையாமல், ஓரிடத்திலிருந்து மட்டும் கிளம்பும் வாடை இன்னொன்று. சுருக்குக் கம்பி வைக்கிறவனும் நாயோடு வருகிறவனும் இரண்டாவது வகையில்தான் வருகிறார்கள். சோப்பு இல்லாமல், சத்தம் இல்லாமல், மறைந்து உட்கார்ந்திருக்கும் நான் மானின் கணக்கில் யார் பக்கம் நிற்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

26.11.2023

காவல்காரரின் கம்பளியைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு மூன்று மாலை உட்கார்ந்தேன். விறகுப் புகை, வெற்றிலை, பழைய வியர்வை எல்லாம் ஊறிய கம்பளி. இரண்டு மாலை ஒன்றும் வரவில்லை. மூன்றாம் மாலை அந்த முதிர்ந்த பெண் மான் மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தது. கழுத்தை நீட்டி நெடுநேரம் முகர்ந்தது. முன்னங்காலை மடித்துத் தூக்கியபடியே நின்றது, ஊன்றவும் இல்லை, உதைக்கவும் இல்லை. பிறகு ஒரே ஓர் உதை. திரும்பி நடந்து போனது, ஓடவில்லை.

கம்பளி பாதி வேலை செய்தது என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கம்பளிக்கு உள்ளே நான் இருந்தேன் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

10.12.2023

வேலிக்கு மேல் பரண் கட்டினால் வாடை தலைக்கு மேலேயே போய்விடாதா என்ற கேள்விக்கு: சமவெளியில் ஓரளவு உண்மை, அமெரிக்காவில் மரத்தின்மேல் இருக்கை கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் குளிர்ந்த மாலையில் வாடை இறங்கும், மேடான சரிவில் நிற்கும் மானுக்கு நம் பரணின் உயரம் அதன் மூக்கின் உயரமாகவே அமைந்துவிடும். இந்தத் தோப்பில் அதனால் பயன் இல்லை.

28.01.2024

டிசம்பர் நடுவிலிருந்து ஒளிந்து உட்காருவதை விட்டுவிட்டேன். ஞாயிறு தவறாமல் மாலை ஐந்து மணிக்குக் காவல்காரரோடு சேர்ந்து வேலியைச் சுற்றுகிறேன். பேசிக்கொண்டேதான் நடக்கிறோம். சுற்றி முடித்ததும் அறை வாசலில், மறைவில்லாத இடத்தில், நாற்காலி போட்டு உட்காருகிறேன். கேமராவை எடுப்பதில்லை. ஆறு ஞாயிறுகள் ஆகின்றன. முதல் நான்கில் குரல் கொடுத்துவிட்டு ஓடின. ஐந்தாவதில் குரல் இல்லை, வரவும் இல்லை. இன்று வடகிழக்குக் காற்று மெல்ல வீசிக்கொண்டிருக்கும்போதே மூன்று மான்கள் வேலிக்கு அப்பால் வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன, மேற்குப் பக்கமாகவே கொஞ்சம் மேய்ந்துவிட்டுப் போயின. தண்ணீருக்கு வரவில்லை.

காடு ஓரத்து மான்கள் எல்லாரையும் நம்பக் கற்றுக்கொள்வது நல்லதல்ல என்று ஒருவர் எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஒரே இடம், ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்திருக்கிறேன், யாரையும் கூட்டிப் போவதில்லை. பழங்காநத்தத்துத் தம்பி தன்னையும் அழைத்துப் போகக் கேட்டிருக்கிறார். மன்னியுங்கள் தம்பி, உங்கள் வாடை அவற்றுக்குப் புதிது. ஆடியில் மேல்காற்று எழுந்த பிறகு வாருங்கள், கிழக்கே உட்கார்ந்துகொள்ளலாம். சந்தன சோப்பே போட்டுக் குளித்துவிட்டு வரலாம்.